சருகு கூட்டிய மணித்தியாலங்கள்

வணக்கம். என்னை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து இருத்திய நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு முதலில் நன்றி. 31 வருசம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கதைத்துப் பழகியவளுக்கு, எதிரே ஒரு பிள்ளையும் இல்லாமல் கதைப்பது கொஞ்சம் சங்கடம்தான். கடைசி வாங்கில் ஆர் நித்திரை கொள்கிறார்கள் என்று பார்க்கவும் வழியில்லை.

"மாணவர்களும் சமூக சேவையும்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அகலமான தலைப்பு. நான் அதை எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒடுக்கிக்கொள்கிறேன். ஒரு கத்தோலிக்கப் பாடசாலை தன்னுடைய பிள்ளைகளிடம் "இத்தனை மணித்தியாலம் சேவை செய்துவிட்டு வா" என்று கேட்கலாமா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? அவ்வளவுதான்.

இந்த யோசனை ஒரு வாட்ஸப் அழைப்பில் தொடங்கியது. என் தங்கையின் பேரன் ஸ்காபரோவில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். "அம்மம்மா, எனக்கு இன்னும் பதினொரு மணித்தியாலம் குறையுது" என்றான். எனக்கு விளங்கவில்லை. பிறகு விளக்கினான். ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கையில் கிடைக்க வேண்டுமென்றால், பாடங்களில் சித்தியடைவதோடு 40 மணித்தியாலம் சமூக சேவையும் செய்திருக்க வேணும். 1999இல் வந்த விதி அது. அங்கே கத்தோலிக்கப் பாடசாலைகளும் அரச பணத்தில்தான் நடக்கின்றன. ஆகவே அவற்றுக்கும் அதே 40தான். அமெரிக்காவில் அப்படி ஒரே கணக்கு இல்லை. ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியும் தன் தன் கணக்கை வைத்திருக்கிறது. ஒரு பள்ளி வருசத்துக்கு இவ்வளவு என்று கேட்கும், இன்னொன்று நாலு வருசத்துக்கும் சேர்த்துக் கேட்கும். படிவம், பொறுப்பாளரின் கையொப்பம், பல இடங்களில் முடிவில் "நான் என்ன கற்றுக்கொண்டேன்" என்று ஒரு கட்டுரை.

"வீட்டில அம்மாவுக்குச் சமைக்க உதவி செய்தா?" என்று கேட்டேன்.

"அது கணக்கில வராது, அம்மம்மா. பக்கத்து வீட்டில ஒரு வயசுபோன சீனாக்காரர் இருக்கிறார். அவருக்குப் பனி அள்ளிக் குடுத்தா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். சொந்த வீட்டு வேலையைச் செய்துவிட்டுச் சேவை என்று எழுதினால் ஆர் ஒத்துக்கொள்வது? ஆனால் அந்த விதியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு பிள்ளையும் ஒரு மணித்தியாலம்கூடச் சேர்க்க ஏலாது. பக்கத்து வீட்டுக் கிழவி பெரியம்மா முறை. அதற்கடுத்த வீட்டுக்காரர் ஞானத்தகப்பன். முறை இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்க பஸ் ஏறி வவுனியாவுக்குத்தான் போகவேணும்.

சிரித்து முடிந்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஏனென்றால் நானும் ஒருகாலம் அப்படி மணித்தியாலம் எண்ணுகிற ஒரு அட்டை போட்டவள்.

நான் படிப்பித்தது மன்னார்ப் பெருநிலப்பரப்பில், குருமார் தொடங்கிய ஒரு பாடசாலையில். பெயர் வேண்டாம். இப்போது அது அரசாங்கப் பாடசாலை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நாட்டின் பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகள் அப்படிப் போய்விட்டன. புனிதரின் பெயர் வாசலில் இருக்கும், மண்டபத்தில் சிலுவை இருக்கும். சம்பளமும் சுற்றுநிருபமும் அமைச்சிலிருந்தும் மாகாணத்திலிருந்தும் வரும். ஆகவே ஒன்ராறியோவைப் போல "சேவை செய்யாவிட்டால் சான்றிதழ் இல்லை" என்று சொல்லும் அதிகாரம் எங்களிடம் இல்லை. பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கிற இசெட் புள்ளியில் நடக்கிறது. அதில் சேவைக்கு ஒரு தசமமும் கிடையாது. எங்கள் கையில் இருந்த ஒரே கயிறு, பிள்ளை விலகிப் போகும்போது அதிபர் எழுதிக் கொடுக்கும் நற்சான்றிதழில் ஒரு வரி. மெல்லிய கயிறு. அதை வைத்துத்தான் கட்டப் பார்த்தேன்.

2013இல் தரம் 10 பிள்ளைகளுக்கு 20 மணித்தியாலம் என்று போட்டோம். இளஞ்சிவப்பு பிறிஸ்டல் மட்டையில் அட்டை. திகதி, செய்த வேலை, நேரம், கையொப்பம் என்று நாலு நிரல். நான்தான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன், பெருமையாகத்தான் கீறினேன்.

முதல் தவணையில் என்ன நடந்தது தெரியுமோ? அறுபத்துச் சொச்சம் பிள்ளைகளும் கோவில் வளவு கூட்டினார்கள். பங்குத்தந்தை கையொப்பம் போடுவார், நிழல் இருக்கிறது, தும்புத்தடியும் அங்கேயே இருக்கிறது. திங்கள் ஒரு கூட்டம், செவ்வாய் ஒரு கூட்டம். வெள்ளிக்கிழமை வந்த பெடியங்களுக்குக் கூட்டச் சருகில்லை. ஒருவன் வேம்பில் ஏறிக் கொப்பை உலுப்பினான், மற்றவர்கள் கூட்டினார்கள். ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம். நான் அதற்கும் கையொப்பம் போட்டேன். உலுப்பிய கதை எனக்கு இரண்டு வருசம் கழித்துத்தான் தெரியவந்தது. உலுப்பியவனே வந்து சொன்னான்.

அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் அட்டையில் வருசக் கடைசியிலும் நாலு மணித்தியாலம்தான் இருந்தது. அவளை எழுப்பி நிற்பாட்டி, "மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கிற மனம் உனக்கில்லையோ" என்று கேட்டேன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் வேறொரு அலுவலாக அவளுடைய வீட்டுப் பக்கம் போனபோதுதான் கண்டேன். அவளுடைய அம்மம்மாவுக்குக் கண்ணிவெடியில் ஒரு கால் போனது. தாய் தோட்டக் கூலிக்குப் போய்விடுவா. கிணற்றில் அள்ளிக் குளிக்க வார்ப்பது, கழுவுவது, பொய்க்கால் பொருத்தும் இடத்துப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளைதான். சொந்த வீடு, ஆகவே என்னுடைய அட்டையில் அதற்கு நிரல் இல்லை. வளவில் கழுவிய சேலை கொடியில் கிடந்தது. நான் வந்த அலுவலைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வருசம், 2014இல், "முதியோரைச் சந்தித்தல்" என்று ஒன்றை வைத்தோம். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, ஒரு பையில் சவர்க்காரம், பிஸ்கட், தேயிலை, சீனி. தனியாக இருந்த ஒரு ஆச்சியிடம் போனோம். முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போய், பிறகு மீள்குடியேறி வந்தவ. பையைக் கொடுக்கும்போது ஒரு பெடியன் கைத்தொலைபேசியைத் தூக்கினான். ஆச்சி உடனே தலைமயிரைத் தடவி, சேலையைச் சரிசெய்து, பையை நெஞ்சுக்கு நேரே பிடித்தா. நல்ல பழக்கம் அவவுக்கு. முகாமில் அரிசி தந்தாலும் படம், வாளி தந்தாலும் படம், பாய் தந்தாலும் படம். படம் எடுத்து முடிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா:

"முடிஞ்சுதோ, மோனை? இனி இருந்து கதைப்பமோ?"

நாங்கள் இருக்கவில்லை. இன்னும் மூன்று வீடு இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் எங்கள் எல்லாருக்கும் பாடம். பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன் என்று வரும் பகுதி. மறைக்கல்வி வகுப்பில் நானே எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். ஆனால் அதில் உதவி செய்தவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்வியை நான் கவனித்ததே இல்லை. நாங்கள் எப்போது உமக்குச் சாப்பாடு தந்தோம், எப்போது உம்மை வந்து பார்த்தோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகமே இல்லை. திகதியும் நேரமும் எழுதிய அட்டை அவர்களிடம் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

பிறகு நான் கொஞ்சம் தேடி வாசித்தேன். கத்தோலிக்கப் பள்ளிகளில் சேவையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் அடிக்கடி ஒரு பெயரைச் சொல்வார்கள்: பேத்ரோ அருப்பே அடிகளார், இயேசு சபையின் தலைவராக இருந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அதை விட்டுத் துறவுக்குப் போனவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகரத்தின் விளிம்பில் இருந்த துறவு மடத்தை ஆஸ்பத்திரியாக்கிக் காயப்பட்டவர்களைப் பார்த்தவர். அதே மனிதர் 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் தங்கள் பள்ளிகளின் பழைய மாணவர்களுக்கு முன்னால் நின்று, நாங்கள் உங்களை நீதிக்காகப் படிப்பித்தோமா என்று கேட்டு, நேர்மையாகச் சொல்வதானால் இல்லை என்று தானே விடையும் சொன்னார். பள்ளிக்கூடம் நடத்துகிற ஒருவர் பழைய மாணவர்களைக் கூட்டிவைத்து அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேணும்! எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் மேடைப் பேச்சும் மதியச் சாப்பாடும்தான்.

ஆனால் அருப்பே அடிகளார் கதைத்தது வசதி இருக்கிறவர்களோடு. அந்த நாடுகளின் சேவைத் திட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான்: செய்கிற பிள்ளை ஒரு கரையில், பெறுகிறவர் மறு கரையில். வன்னியில் அப்படியில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போன என் மாணவன் ஐந்து வருசத்துக்கு முன் அதே மெனிக் பாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றவன். வாங்குகிறவரின் கை எப்படிக் கூசும் என்று அவனுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. நாங்கள்தான் ஒரு அட்டையைக் கொடுத்து அதை மறக்கப் பண்ணினோம்.

2015 தொடக்கத்தில் அட்டையை மாற்றினோம். அந்த ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் மடு மாதா திருத்தலத்துக்கு வந்தார். தண்ணீர் கொடுக்கவும் வயது போனவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போகவும் எங்கள் பிள்ளைகளும் போனார்கள். திரும்பி வந்து ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், போப்பாண்டவரை எத்தனை மணித்தியாலம் எண்டு போடுறது?" அதோடு மணித்தியால நிரலை வெட்டிவிட்டேன்.

புதிய ஏற்பாடு சின்னது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வீடு. ஒரு வருசம் முழுக்க அதே வீடு. படம் எடுக்கக் கூடாது. பொருள் கொண்டுபோகக் கூடாது. என்ன வேலை என்று பாடசாலை சொல்லாது, அந்த வீட்டார் சொல்வார்கள். சொந்த அம்மம்மாவைப் பார்க்கிற பிள்ளைக்கு அதுவே அவளுடைய வீடு. கூட ஒரு பிள்ளை அங்கே போய் உதவும்.

அதில் என்ன வேலைகள் வந்தன என்று நினைக்கிறீர்கள்? கூட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை. கிளினிக் நாளில் விடியப் போய் நம்பர் எடுத்துக்கொண்டு நிற்பது. மருந்துப் பக்கற்றில் காலை, இரவு என்று சூரியனும் நிலவும் கீறிக்கொடுப்பது. வெளிநாட்டு மகனுக்குப் போன் எடுத்துக் கொடுத்துவிட்டு, தாய் அழுது முடியும்வரை வெளியே நிற்பது. எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது கடிதம் வாசிக்கிற வேலை. கொழும்பிலிருந்து வருகிற கடிதம் சிங்களத்தில் வரும். தமிழும் அரச கரும மொழி என்று சட்டம் சொன்னாலும் வருவது சிங்களத்தில்தான். காணாமல் போன மகனைப் பற்றிய கடிதமோ, காணிக் கடிதமோ என்றுகூடத் தெரியாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்த தாய்மார் இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் கணக்கில் பதினெட்டுப் புள்ளி எடுக்கிற ஒரு பெடியன் இருந்தான். தகப்பனோடு லீவு நாட்களில் தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில் போய்வருகிறவன். சந்தையில் பழகிய சிங்களம். பாடமாக்கின நாங்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்க, அவன் கதைத்துப் பழகிய வாயால் கடிதத்தைப் பொருளோடு சொல்லிவிடுவான். அந்த வருசம் முழுக்க ஊரில் அவனுக்குத்தான் மதிப்பு. ஆச்சிமார் என்னிடம் வந்து, "அந்த வாசிக்கிற பெடியனை அனுப்பு" என்று கேட்பார்கள்.

இதிலும் குறை உண்டு, மறைக்கத் தேவையில்லை. சில சோடிகள் இரண்டு மாதத்தில் போவதை விட்டுவிட்டார்கள். சாதாரண தரம் நெருங்க, டியூசன் ஞாயிறு மறைக்கல்வியையே விழுங்குகிற இடத்தில் இதற்கு எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்டார்கள். எனக்குச் சரியான பதில் இருக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் பிள்ளைகளை ஆடு மேய்க்க விட்டுவிட்டுத் தான் தவறணைக்குப் போனார். அதை நிற்பாட்ட நான் சண்டைதான் பிடித்தேன்.

கட்டாயமாக்கலாமா என்று கேட்டால், என் எண்ணம் ஆம் என்பதுதான். விரும்பினவர்கள் மட்டும் வரட்டும் என்று விட்டால் சாரணர் பெடியங்களும் பீடப் பிள்ளைகளும் மட்டும்தான் வருவார்கள். அந்தப் பதினெட்டுப் புள்ளிப் பெடியன் ஒருநாளும் கை உயர்த்தி வந்திருக்க மாட்டான். படலை வரைக்கும் ஆராவது தள்ளிக்கொண்டு போக வேணும். உள்ளே போய் என்ன செய்வது என்பதை மட்டும் எங்கள் கோட்டில் எழுதாமல் விட வேணும்.

புது அட்டையில் ஒரே ஒரு கையொப்பம்தான் வைத்திருந்தேன். வருச முடிவில் அந்த வீட்டார் போட வேண்டியது. "இனி இருந்து கதைப்பமோ" என்று கேட்ட ஆச்சியின் வீடு அந்த வாசிக்கிற பெடியனுக்குத்தான் விழுந்தது. டிசம்பரில் எல்லா அட்டைகளும் வந்தன, அவனுடையது வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஆச்சிக்குக் கையெழுத்துத் தெரியாது, ரீச்சர். பெருவிரல் வைக்க வேணுமெண்டால் என்ன கடிதமெண்டு வாசிச்சுக் காட்டு எண்டா. வாசிச்சன். பிறகு தா எண்டு வாங்கி, மகன்ர கடிதங்கள் வச்சிருக்கிற தகரப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டா."

"நீ திருப்பிக் கேட்கவில்லையோ?"

"கேக்கேல்ல, ரீச்சர். நாளைக்கும் போறன்தானே."

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். வணக்கம்.