நடுவில் ஆறு பேர்: 2021 ஜார்ஜியா அணியின் தடுப்பாட்டம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேசப்போவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி. உலகக் கோப்பைக் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். அதில் ஒரே ஓர் அணி, ஒரே ஒரு பருவம், அதிலும் அதன் தடுப்பாட்டம் மட்டும். 2021ஆம் ஆண்டின் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி.

முதலில் ஓர் எண். சாம்பியன்ஷிப் சுற்றுகளுக்கு முந்தைய 12 போட்டிகளில் இந்த அணி எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தம் 83 புள்ளிகள். போட்டிக்குச் சராசரி ஏழுகூட வரவில்லை. ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அதன்பின் வரும் உதையும் சேர்ந்தாலே ஏழு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 83இலும் ஒரு ஏழு தடுப்பணியின் கணக்கில் வராது. அலபாமா-பர்மிங்ஹாம் அணி எடுத்த அந்த ஏழு, ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) எறிந்த பந்தை இடைமறித்து ஓடி எடுத்தது. வாண்டர்பில்ட் 62-0, ஆர்கன்சா 37-0, பருவக் கடைசியில் ஜார்ஜியா டெக் 45-0. மூன்று அணிகள் முட்டையோடு வீடு திரும்பின.

இது எப்படி நடந்தது என்றால், வீரர்கள் பலசாலிகள் என்று சொல்லி முடித்துவிடலாம். பலசாலிகள்தான். ஆனால் பலசாலிகள் இருந்தும் 25 புள்ளி விட்டுக்கொடுத்த அணிகள் ஏராளம். ஜார்ஜியாவின் ரகசியம் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு.

பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். பந்தோடு ஓடலாம், அல்லது எறியலாம். எது வரப்போகிறது என்று தடுப்பவர்களுக்குத் தெரியாது. ஓட்டத்தை அடைக்க ஆட்களை முன்னே கொண்டுவந்தால் பின்னால் காலியாகும்; எறிதலுக்குப் பயந்து பின்னே வைத்தால் நடுவில் புகுந்து ஓடிவிடுவார்கள். தாக்குபவர்களின் முன்வரிசைக்கு நேர் எதிரே உள்ள பகுதியை ‘பாக்ஸ்’ என்பார்கள். ஓட்டத்தை ஒழுங்காக நிறுத்த பாக்ஸுக்குள் ஏழு பேர், சில சமயம் எட்டு பேர் வேண்டும் என்பது பழைய கணக்கு. ஜார்ஜியா பெரும்பாலும் ஆறு பேரோடு நிறுத்தியது. மிச்சம் ஐந்து பேர் பின்னால் பந்து பிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் இந்த ஒரு மிச்சத்திலிருந்து வந்ததுதான்.

அந்த ஆறு பேர் எப்படி நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து தடியர்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் இடையே உள்ள சந்து ஏ. கார்டுக்கும் டேக்கிளுக்கும் இடையே பி. டேக்கிளுக்கு வெளியே சி. ஜார்ஜியா அதிகம் நம்பியது ‘மின்ட்’ என்று அவர்கள் பெயர் வைத்த அமைப்பை. அதில் ஒருவர் சென்டரின் மூக்குக்கு நேரே நிற்பார். இன்னும் இருவர், இரண்டு டேக்கிள்களின் உள்பக்கத் தோளை ஒட்டி நிற்பார்கள். வெளிப்பக்கத் தோள் அல்ல, உள்பக்கம். ஒரு முழ வித்தியாசம்தான், அதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு பி சந்துகளும் பந்து நகர்வதற்கு முன்பே மூடிவிட்டன. நடுவில் நிற்பவர் சென்டரைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு இரண்டு ஏ சந்துகளையும் ஒருவராகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடுபவருக்கு உள்ளே வழி இல்லை. வெளியே திரும்புவார். கபடியில் ரெய்டரை ஓரத்துக்கு ஒதுக்கி எல்லைக்கோட்டையே ஓர் ஆளாக ஆக்கிக்கொள்வது போல, இங்கும் ஓரக்கோடு தடுப்பவர்களின் பக்கம் சேர்ந்துவிடும். அங்கே காத்திருக்கும் வெளி லைன்பேக்கரோ (முன்வரிசைக்குப் பின்னாலோ ஓரத்திலோ நிற்கும் தடுப்பாளர்), பின்னாலிருந்து பாய்ந்து வரும் சேஃப்டியோ (ஆழத்தில் நிற்கும் கடைசிக் காவல்) ஓரிரு யார்டில் சாய்த்துவிடுவார்.

நடுவில் நின்றவர் ஜோர்டன் டேவிஸ். உயரம் 6 அடி 6 அங்குலம். 2022 மார்ச்சில், அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் தேர்வு முகாமில் எடை 341 பவுண்டு, ஏறக்குறைய 155 கிலோ. அந்த உடம்போடு 40 யார்டை 4.78 விநாடியில் ஓடிக் காட்டினார். இவரை ஒரே ஆள் தள்ள முடியாது. சென்டரும் ஒரு கார்டும் சேர்ந்துதான் முட்டுவார்கள். அந்தக் கார்டு உண்மையில் முட்ட வேண்டியது பின்னால் நிற்கும் லைன்பேக்கரை. அவர் டேவிஸிடம் மாட்டிக்கொண்டதால் நக்கோபி டீனும் குவே வாக்கரும் யாரும் தொடாமல் பந்தை நோக்கி ஓடினார்கள். டீன் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை அந்த ஆண்டு வாங்கினார். டேவிஸுக்கு அவுட்லண்ட், பெட்னரிக் என்று இரண்டு விருது. டீனின் விருதில் பாதியை டேவிஸுக்கு வெட்டிக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

டேவிஸ் மொத்த ஆட்டத்தில் பாதிகூடக் களத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 155 கிலோ உடம்பு தொடர்ந்து எட்டு பத்து முறை முட்டினால் மூச்சு வாங்கும். அப்போது இடுப்பு நிமிர்ந்துவிடும். இடுப்பு நிமிர்ந்தால் யாரும் தள்ளிவிடலாம். அதனால் முன்வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். டெவான்டே வயட், டிரவான் வாக்கர், ஜேலன் கார்ட்டர் என்று சுழற்சி. இதில் கார்ட்டர் பெரும்பாலும் மாற்று ஆளாக இறங்கியவர். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் தேர்வில், 2023இல் 9ஆவது இடத்தில் போனவர் இங்கே மாற்று ஆள்!

மின்ட் அமைப்புக்குக் குறைகள் உண்டு. டேக்கிளின் உள்தோளில் நிற்க வேண்டியவர் ஆசைப்பட்டு அரை அடி வெளியே நகர்ந்தால் பி சந்து திறந்துவிடும். அதை அடைக்க வேறு ஆள் கிடையாது, ஏனென்றால் ஆறு பேர்தான். நடுவில் இருப்பவர் ஓடுபவரை எட்டிப் பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தாலும் இதே கதிதான். இன்னொன்று, மூன்று பேரும் உள்ளடங்கி நிற்பதால் குவாட்டர்பேக்கை வளைத்துப் பிடிக்க ஓரத்திலிருந்து வேகம் வராது. ஆகவே எறிதல் நிச்சயம் என்று தெரிகிற மூன்றாவது வாய்ப்பில் ஜார்ஜியா இந்த அமைப்பைக் கலைத்துவிடும்.

அந்த மூன்றாவது வாய்ப்பு எப்படி இருக்கும்? இன்னும் 8 யார்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோட்டருகே ஆறு பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள். குவாட்டர்பேக் எண்ணுகிறார்: ஆறு. பக்கத்தில் நிற்கும் தன் ஓட்டக்காரரிடம், பாய்ந்து வருபவரைத் தடுக்கச் சொல்கிறார், முன்வரிசையை ஒரு பக்கம் நகரச் சொல்கிறார். பந்து நகர்ந்ததும் ஆறில் இருவர் பின்வாங்கிவிடுகிறார்கள். பாய்வது நான்கு பேர்தான், ஆனால் எந்த நான்கு பேர் என்று முன்கூட்டித் தெரியாது. ஓரத்தில் நின்ற பெரிய ஆள் பின்வாங்கி, அவசரத்தில் எறியப்படும் குட்டைப் பந்து விழும் இடத்தில் போய் நிற்பார். சானிங் டிண்டால் போன்ற ஒரு வேகமான லைன்பேக்கர் ஏ சந்து வழியாகப் புகுவார். ஒரு பக்கம் தாக்கும் அணியின் முன்வரிசையில் மூவர் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க, மறுபக்கம் ஒருவர் குறுக்கே யாருமின்றி வருவார். பின்னால் ஏழு பேர் அப்படியே இருக்கிறார்கள். பின்வாங்குபவர் அரை நொடி தாமதித்தால் அந்தக் குட்டைப் பந்து அவர் தலைக்கு மேலேயே போய்விடும். இதை நன்றாகச் செய்ய, 120 கிலோ ஆளுக்குப் பின்னோக்கி ஓடத் தெரிய வேண்டும். டிரவான் வாக்கருக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 4 அன்று சார்லட் நகரில் முதல் போட்டி, கிளெம்சனுக்கு எதிராக. 10-3 என்று ஜார்ஜியா வென்றது. ஜார்ஜியாவின் தாக்கும் அணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. ஒரே டச்டவுன், சேஃப்டி கிறிஸ்டோபர் ஸ்மித் பந்தை இடைமறித்து 74 யார்டு ஓடி எடுத்தது. கிளெம்சன் 23 முறை ஓடி எடுத்தது மொத்தம் 2 யார்டு. எழுத்துப் பிழை இல்லை, இரண்டே யார்டு. கல்லூரிக் கணக்கில், குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்க்கும் ‘சாக்’கின் நஷ்டமும் ஓட்டத்தில் கழிக்கப்படும் என்பதால், அன்றைய 7 சாக்கும் அதில் அடக்கம். அதைக் கூட்டிக்கொண்டாலும் ஓட்டம் பரிதாபம்தான்.

பின்னால் இருந்த ஐந்து பேரின் வேலை வேறு மாதிரி. ஆளுக்கு ஆள் என்றும் இல்லை, இடத்துக்கு இடம் என்றும் இல்லை. எதிராளி எந்தப் பாதையில் ஓடுகிறார் என்று பார்த்து, அதற்கேற்ப யாரை யார் எடுத்துக்கொள்வது என்று ஓடும்போதே தீர்மானிப்பது. உள்பக்கம் நிற்பவர் நேராக ஆழத்துக்கு ஓடினால் சேஃப்டி எடுத்துக்கொள்வார். அவர் சட்டென்று வெளியே வெட்டினால் சேஃப்டி அவரை விட்டுவிட்டு வெளி ஆளுக்குத் துணை போவார். இதற்கு இடைவிடாமல் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கத்தல் தாமதித்தால் இருவர் ஒருவரோடு போவார்கள், இன்னொருவர் தனியே ஓடுவார். களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆழமாகக் குறுக்கே ஓடுபவரைக் கைமாற்றுவதுதான் இதில் மிகக் கடினம்.

நவம்பரில் டென்னசி ஒரு குறையைக் காட்டியது. ஒரு வாய்ப்பு முடிந்த உடனேயே அடுத்ததைத் தொடங்குவது அவர்கள் பாணி. தாக்கும் அணி ஆளை மாற்றாவிட்டால் தடுக்கும் அணிக்கு ஆள் மாற்ற நேரம் தர வேண்டியதில்லை என்பது விதி. ஜார்ஜியாவின் சுழற்சியே நின்றுபோனது. முதல் கால் பகுதி முடிந்தபோது டென்னசி 10-7 என்று முன்னிலை. கடைசியில் ஜார்ஜியா 41-17 என்று வென்றதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலபாமா மட்டும் சும்மா விடவில்லை. டிசம்பர் 4, அட்லாண்டாவில் எஸ்இசி (இரு அணிகளும் ஆடும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீக்) இறுதிப் போட்டி. ஜார்ஜியா 10-0 என்று முன்னே இருந்தது. இரண்டாம் கால் பகுதியில் மட்டும் அலபாமா 24 புள்ளி எடுத்தது. முடிவு 41-24. குவாட்டர்பேக் பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். ஒரு முறைகூட அவரைச் சாய்க்க முடியவில்லை. இத்தனைக்கும் ஒரு வாரம் முன்பு ஆபர்ன் அணி அவரை 7 முறை சாய்த்திருந்தது. அலபாமா ஓட்டத்தையே பெரிதாக நம்பவில்லை. ஓடாத அணிக்கு எதிரே நடுவில் 155 கிலோ ஆளை நிறுத்தி என்ன பயன்? ஆறு பேர் கணக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்க எதுவுமே இல்லை. நான்கு பேர் பாய்ச்சல் யங்கை எட்டவில்லை, எட்டாதபோது பின்னால் இருப்பவர்கள் நான்கைந்து நொடி துரத்த வேண்டியிருந்தது. ஜேம்சன் வில்லியம்ஸ் மாதிரி வேகக்காரரை அவ்வளவு நேரம் யாரும் துரத்த முடியாது. அவர் 7 பந்து பிடித்து 184 யார்டு எடுத்தார். அந்த 41இல் ஏழு மட்டும் இடைமறிப்பில் வந்தது. தடுப்பணியின் பங்கு 34.

2022 ஜனவரி 10, இண்டியானாபொலிஸில் தேசிய இறுதி. மறுபடியும் அலபாமா. இம்முறை பாய்ச்சலில் குறுக்கு மாற்றங்கள் அதிகம்: உள்ளே நிற்பவர் வெளியே, வெளியே நிற்பவர் உள்ளே. யங் முன்னே அடியெடுத்து வைக்கும் இடத்தை நடுவிலேயே அடைத்தார்கள். அவர் 369 யார்டு எறிந்தார்தான், ஆனால் 57 முறை எறிய வேண்டியிருந்தது. இரண்டு இடைமறிப்பு வேறு. 28 ஓட்டத்தில் அலபாமா எடுத்தது 30 யார்டு. நான்கு முறை கோல் கம்பத்தை நெருங்கி உதையோடு, தலைக்கு மூன்று புள்ளியோடு, திருப்தி அடைந்தது. இன்னோர் உதையை ஜேலன் கார்ட்டர் கையால் தடுத்தார். ஒரே டச்டவுனும் ஜார்ஜியா பந்தைத் தவறவிட்டதால் 16 யார்டு தூரத்திலிருந்து தொடங்கியது. 54 விநாடி மிச்சமிருக்க, கீலி ரிங்கோ இடைமறித்து 79 யார்டு ஓட, 33-18. 1980க்குப் பிறகு ஜார்ஜியாவின் முதல் தேசியப் பட்டம்.

வில்லியம்ஸ் அன்று இரண்டாம் கால் பகுதியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அலபாமாவின் இன்னொரு பந்து பிடிப்பவர் ஜான் மெச்சி எஸ்இசி இறுதிப் போட்டியிலேயே அடிபட்டுவிட்டார். அவர்கள் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஜார்ஜியா ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அரையிறுதி உட்படப் பதினைந்து போட்டிக்கும் சேர்த்து 153 புள்ளி, சராசரி 10.2, நாட்டிலேயே குறைவு. அடுத்த என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாக டிரவான் வாக்கர் போனார். முதல் சுற்றில் மட்டும் இந்தத் தடுப்பணியிலிருந்து ஐந்து பேர்: வாக்கர், டேவிஸ், குவே வாக்கர், வயட், லூயிஸ் சீன். ஒரே கல்லூரித் தடுப்பணியிலிருந்து அத்தனை பேர் முதல் சுற்றில் போனது அதற்குமுன் இல்லை. டேவிஸையும் டீனையும் எடுத்த என்எஃப்எல் அணி ஃபிலடெல்ஃபியா, மறு ஆண்டு கார்ட்டர், நோலன் ஸ்மித், ரிங்கோ மூவரையும் சேர்த்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில், என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அந்த ஃபிலடெல்ஃபியா, கூடுதலாக ஓர் ஆளைக்கூடப் பாயவிடாமல், முன்வரிசை நால்வரை வைத்தே கான்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் மஹோம்ஸை 6 முறை சாய்த்து 40-22 என்று வென்றது. அதில் ஒன்று டேவிஸ் சாய்த்தது.

நன்றி, வணக்கம்.