டைமர் ஓடுது, வேலை ஓடலையா? எழுந்து போறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு எழுதுங்க

வணக்கம் நண்பர்களே. பொமொடோரோ டைமர் வெச்சும் வேலை நகர மாட்டேங்குதுன்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முறை தெரிஞ்சதுதான். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நாலு சுத்து முடிஞ்சா 15-லேருந்து 30 நிமிஷம் பெரிய ஓய்வு. 1980-களோட கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோங்கிற இத்தாலிக்காரர், காலேஜ் படிக்கிறப்போ ஒரு தக்காளி வடிவ கிச்சன் டைமரை வெச்சு ஆரம்பிச்சது. டைமர் வைக்கிறது சுலபம். நடுவுல யாராவது கூப்பிட்டா என்ன பண்றோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

மாசம் 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் ஜிஎஸ்டிஆர்-1-ங்கிற விற்பனை ரிட்டர்ன்ல காட்டின பில்களை வெச்சு ஜிஎஸ்டி போர்ட்டல் தர்ற பட்டியல்) வந்தாச்சு, பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோட ஒத்துப் பாத்துட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. 112-வது வரியில மேனேஜர் கூப்பிடுறார். மீட்டிங்ல உக்காந்தாலும் மனசு அந்த பில்லையே சுத்திட்டு இருக்கும். திரும்பி வந்தா எந்த வரியில விட்டோம்னு தெரியாது, மறுபடி மேலேருந்து. முடிக்காம விட்ட வேலை இப்படி அடுத்த வேலையோட கவனத்தையும் பிடிச்சு இழுக்கும்னு சோஃபி லெராய்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009-லயே சோதனை பண்ணிக் காட்டினாங்க. 2018-ல தெரசா க்ளோம்போட சேர்ந்து அதுக்கு ஒரு வழியும் சொன்னாங்க: எழுந்து போறதுக்கு முன்னாடி, எங்க நிறுத்தினோம், வந்ததும் என்ன பண்ணணும்னு ஒரு சீட்டுல எழுதிடுங்க. ஒரு நிமிஷம் போதும்.

எப்படி எழுதணும்னு பாருங்க: "112 வரைக்கும் முடிஞ்சது. 113: நம்ம புக்ல 11,800 இருக்கு, 2பி-ல இல்ல. வந்ததும் சப்ளையருக்கு போன் பண்ணி இந்த பில்லை ஜிஎஸ்டிஆர்-1-ல போட்டாரான்னு கேக்கணும்." நிறைய பேர் "ஜிஎஸ்டி பெண்டிங்"னு எழுதிட்டுப் போயிடுறாங்க. அது பிரயோஜனமில்ல, வந்து மறுபடி முதல்லேருந்து யோசிக்கணும். கை உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் அதுல இருக்கணும். போன்ல எழுதாதீங்க, வாட்ஸப் கண்ணுல பட்டுடும். பேப்பர்ல எழுதி கீபோர்டு மேல வைங்க.

அப்புறம், கலைஞ்ச சுத்து கணக்குல வராது. டைமரைத் திரும்ப 25-லேருந்து வைங்க. சிரில்லோ ஒரு குறியும் போடச் சொல்றார், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. உங்களுக்கே போனை எடுக்கத் தோணினா பேப்பர்ல மேற்கோள் குறி மாதிரி ஒரு சின்னக் கொம்பு ('), அடுத்தவங்க கூப்பிட்டா ஒரு சின்னக் கோடு. சாயங்காலம் எண்ணிப் பாருங்க. கொம்பு அதிகம்னா, வேலை ரொம்பப் பெருசா இருக்குன்னு அர்த்தம். "ரிட்டர்ன் முடிக்கணும்"ங்கிறதை "முதல் 50 பில் ஒத்துப் பாக்கணும்"னு உடைங்க. கோடு அதிகம்னா, டீம்கிட்ட "11 மணிக்கு மொத்தமா வாங்க"ன்னு ஒரு நேரம் குடுத்துடுங்க.

ஓய்வு 5 நிமிஷத்துல ரீல்ஸ் வேண்டாம், அதுவும் பாதியில நிக்கிற இன்னொரு விஷயமாயிடும். எழுந்து தண்ணி குடிங்க, ஜன்னல் பக்கம் ஒரு நடை நடங்க.

பத்து நிமிஷத்துக்கு ஒரு கால் வர்ற கஸ்டமர் சப்போர்ட் வேலையில இருக்கிறவங்களுக்கு 25 நிமிஷம் ஒத்து வராது. அவங்க டைமரை விட்டுட்டு சீட்டை மட்டும் வெச்சுக்கலாம், ஒவ்வொரு போன் காலை எடுக்கறதுக்கு முன்னாடியும் ஒரே ஒரு வரி.