வினைக்குச் சொந்தக்காரர் யார்?

வணக்கம் நேயர்களே. பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் லிவ் இன் மதுரை' என்று எழுதிவிடுகிறார்கள். 'லிவ்ஸ்' என்று வர வேண்டும். நிகழ்காலத்தில் எழுவாய் படர்க்கை ஒருமையானால் வினையோடு எஸ் சேரும் என்ற விதி அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆனாலும் பேனா வேறு பக்கம் போகிறது, ஏனென்றால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பன்மை வினைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு 'நான்தான் எழுவாய்' என்று நம்ப வைத்துவிடுகிறது.

இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'என் நண்பர்களில் ஒருவர் மதுரையில் வசிக்கிறார்.' நம் மொழியில் விளக்கமெல்லாம் முன்னால் வரும், முக்கியமான பெயர் கடைசியில் நிற்கும். 'நண்பர்களில் ஒருவர்', 'மாம்பழக் கூடை', 'மூன்று நாய் வளர்க்கும் பையன்', எதை எடுத்தாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட தொடர்களில் முக்கியமான பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் நீண்டுகொண்டே போகும், அதனால் 'தி பாஸ்கெட் ஆஃப் மாங்கோஸ்' என்று தொடங்கும்போது எழுவாய் கூடைதான் என்பது வினை வருவதற்குள் மறந்துபோகிறது.

அதனால் என் மாணவர்களிடம் ஒன்று சொல்வேன்: சந்தேகம் வந்தால் எழுவாய்ப் பகுதியை மட்டும் தமிழாக்கு, அதில் கடைசியாக நிற்கும் பெயர் எது என்று பார். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர்களின் எண்ணிக்கை, கடைசியில் எண்ணிக்கை, எனவே 'இஸ்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் பல மாணவர்கள், கடைசியில் மாணவர்கள், எனவே 'ஆர்'. பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது, தமிழ் எவ்வளவு சுலபமாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது பாருங்கள்! எனக்கு இதைச் சொல்லித் தரும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

சரி, இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்குமா? கொடுக்காது. 'எல்லோருக்கும் தெரியும்' என்பதற்கு 'எவ்ரிபடி நோஸ்' என்று ஒருமையில்தான் எழுத வேண்டும், நமக்கோ எல்லோரும் என்றாலே பன்மை, எல்லோரும் வந்தார்கள் என்றுதானே சொல்கிறோம். இப்படிச் சிலவற்றைத் தனியாகத்தான் பழக வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம் 'தேர் இஸ் டூ புக்ஸ் ஆன் தி டேபிள்' என்று எழுதுகிறார்கள். இதில் எழுவாய் வினைக்குப் பின்னால் வருகிறது என்பது ஒரு சிக்கல். இன்னொன்று நம் பேச்சிலிருந்து வருவது. 'மேசை மேல ரெண்டு புத்தகம் இருக்கு' என்றுதான் பேசுகிறோம், இரண்டு என்று சொன்ன பிறகு 'கள்' சேர்ப்பதில்லை, வினையையும் ஒருமையிலேயே விட்டுவிடுகிறோம். தமிழில் அது இயல்பான பேச்சு. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு கணம் நின்று, எழுத்துத் தமிழில் முழுதாகச் சொல்லிப் பாருங்கள்: மேசையின்மேல் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. 'புத்தகங்கள்' என்று வாயில் வந்துவிட்டால் 'ஆர்' தானாக வரும்.