புகை நகரத்தில் ஒரு நீதிமன்றம்

நண்பர்களே, அமெரிக்காவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம்தான். பென்சில்வேனியாவின் அல்லெகெனி கவுண்டிக்குத் தலைமையிடம் பிட்ஸ்பர்க். அங்கிருந்த பழைய நீதிமன்றம் 1882 மே மாதம் தீக்கிரையானது. புதிதாகக் கட்டும் வேலை ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக்கலைஞருக்குக் கிடைத்தது.

அன்றைய பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் ஊர். பட்டப்பகலிலும் கரும்புகை. ஜன்னலைத் திறந்தால் வழக்குக் கட்டெல்லாம் கரி. ரிச்சர்ட்சன் என்ன செய்தார் தெரியுமா? முன்னால் உயரமாக ஒரு கோபுரம் எழுப்பினார். பார்ப்பவர்கள் அதை வெறும் கம்பீரத்துக்கு என்று நினைப்பார்கள். புகைக்கு மேலே இருக்கும் காற்றை அதன் உச்சியில் இழுத்துக் கட்டடத்துக்குள் அனுப்புவதுதான் அதன் வேலை. கெட்ட காற்று பின்பக்கக் கோபுரங்கள் வழியாக வெளியேறும். நடுவில் திறந்த முற்றம் வைத்தார். உட்பக்க அறைகளுக்கும் அதனால் வெளிச்சம் வந்தது. சுவரெல்லாம் இழைக்காமல் கரடுமுரடாக விட்ட கிரானைட், அரைவட்ட வளைவுகள். நுணுக்கமான சிற்பவேலை குறைவு. கரி படியும் ஊருக்கு அதுதான் சரி என்பேன்.

பின்னால் சிறை. கைதிகளைத் தெருவில் இறக்காமலே விசாரணைக்குக் கொண்டுவர, இரண்டையும் இணைத்து மேலே ஒரு கல் பாலம் போட்டார்கள். வெனிஸ் நகரத்துப் ‘பெருமூச்சுப் பாலம்’தான் அதற்கு முன்மாதிரி, பெயரும் அதுவே. எனக்கென்னவோ நீதிமன்றத்தைவிட அந்தச் சிறையின் மதில்தான் பிடிக்கும். அலங்காரம் ஏதுமில்லை; கல்லின் கனம் மட்டுமே பேசுகிறது.

சிறை 1886-இல் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், 47 வயதில், சிறுநீரக நோயால் ரிச்சர்ட்சன் இறந்துபோனார். மிச்ச வேலையை அவரிடம் பணிபுரிந்தவர்கள் 1888-இல் முடித்தார்கள்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. வாசல் பக்கம் ஓடும் கிராண்ட் தெரு மேடாக இருக்கிறதென்று 1910-களில் நகரத்தார் அதை வெட்டித் தாழ்த்தினார்கள். பிரதான வாசல் அந்தரத்தில் நின்றது! படிக்கட்டு கட்டிச் சமாளித்தார்கள். பின்பு தெருவை அகலப்படுத்த அதையும் இடித்தாயிற்று. அடித்தளமாக இருந்த பகுதிதான் இன்று நுழைவாயில். கைதிகள் 1995-இல் புதிய சிறைக்குப் போய்விட்டார்கள். பழைய சிறையில் இப்போது குடும்ப வழக்குகள் நடக்கின்றன.