கீழ் டிவிஷன்ல இருந்து நேரா மொனாக்கோ: கோஸ்டின்யா பத்தின சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. போன தடவை 2004ல சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பை) ஜெயிச்ச போர்ச்சுகல் கிளப் போர்ட்டோ பத்தியும், அதோட மிட்ஃபீல்டர் கோஸ்டின்யா பத்தியும் பேசினோம்ல, அதைப் பாத்துட்டு ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, கோஸ்டின்யா போர்ச்சுகல் முதல் டிவிஷன்ல ஒரு மேட்ச் கூட ஆடாம நேரா ஃப்ரெஞ்ச் லீக்ல ஆடுற மொனாக்கோவுக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்க, அது உண்மையா? கீழ ஆடுறவனை ஃப்ரான்ஸ்காரன் எப்படி எடுத்தான்? இப்ப அப்படி நடக்குமா?" அப்படின்னு.

உண்மைதான் தம்பி, நான் சும்மா அடிச்சு விடல. 1974 டிசம்பர்ல லிஸ்பன்ல பொறந்தவரு. ஆரம்பிச்சது ஓரியென்டல்ங்கிற கிளப்ல, லிஸ்பனோட கிழக்குப் பக்கம் இருக்கிற பழைய கிளப் அது. பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங்னு ரெண்டு பெரிய கிளப்பும் அதே ஊர்ல இருந்தும் அங்க எல்லாம் இவருக்கு இடம் இல்ல. அங்கிருந்து கடல் தாண்டி போர்ச்சுகலோட மடெய்ரா தீவுக்குப் போறாரு. மச்சிக்கோன்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊர் கிளப், அப்புறம் அதே தீவுல ஃபுஞ்சால்ல இருக்கிற நாசியோனால். அவ்ளோதான் அவரோட பயோடேட்டா, 1997 வரைக்கும்.

அப்ப போர்ச்சுகல்ல டிவிஷன் எப்படி இருந்துச்சுன்னா, மேல முதல் டிவிஷன், அதுக்குக் கீழ "ஹானர்" டிவிஷன், அதுக்கும் கீழ "செகண்ட் டிவிஷன் பி"ன்னு ஒண்ணு. பேர்ல செகண்ட்னு இருக்கும், ஆனா அது மூணாவது படி, இதுல குழம்பாதவங்களே கிடையாது. அந்த பி டிவிஷனை வடக்கு, நடு, தெற்குன்னு மூணா பிரிச்சு வச்சிருப்பாங்க. அதுல ஆடுற பையனை யாரும் டிவில பாக்க மாட்டாங்க, அதுவும் தீவு கிளப்புன்னா சொல்லவே வேணாம், எதிர் டீம் ப்ளைட் ஏறி வரணும்.

இன்னொரு விஷயம் பாருங்க, அதே நாசியோனால் கிளப்ல அந்த சமயம் சின்னப் பசங்க டீம்ல ஒரு பையன் இருந்தான், கிறிஸ்டியானோ ரொனால்டோ. அவனும் 1997லதான் அங்கிருந்து ஸ்போர்ட்டிங் அகாடமிக்குப் போனான், 12 வயசுல. கோஸ்டின்யா 22 வயசுல மொனாக்கோவுக்கு. ஒரே கிளப், ஒரே வருஷம். ஏழு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் யூரோ ஃபைனல்ல ஒண்ணா ஆடி கிரீஸ்கிட்ட தோத்தாங்க, அது தனி சோகம்.

இப்ப உங்க மெயின் கேள்வி, எப்படி எடுத்தாங்க? இதுல ஏஜென்ட் கதை இருக்கு. ஜோர்ஜ் மென்டஸ் பின்னாடி உலகத்துலயே பெரிய ஏஜென்ட்கள்ல ஒருத்தரா ஆனவரு, ஆனா 90கள்ல வீடியோ கடை, நைட் கிளப்னு நடத்திட்டிருந்து அப்பதான் இந்தத் தொழிலுக்குள்ள வந்தவரு, அவரோட ஆரம்ப கால பிளேயர்ஸ்ல கோஸ்டின்யா ஒருத்தரு. ஆனா ஏஜென்ட் கதவைத்தான் தட்டுவாரு, உள்ள போய் நிக்கிறது ஆடுறவன் வேலை. மொனாக்கோல நாலு சீசன் இருந்தாரு, 2000ல ஃப்ரெஞ்ச் லீக் ஜெயிச்ச டீம்ல இருந்தாரு. அதே வருஷம் யூரோல ருமேனியா மேட்ச், ஆட்டம் முடியப் போற நேரத்துல சப்பா உள்ள வந்து, ஃபீகோ அடிச்ச ஃப்ரீ கிக்குக்கு தலைய வச்சாரு, 1-0. போர்ச்சுகலுக்காக அடிச்சாரே தவிர போர்ச்சுகல் லீக்ல அதுவரை கால் வைக்கல. 2001ல போர்ட்டோ வந்தப்பதான் முதல் தடவை சொந்த நாட்டு டாப் லீக், வயசு 26.

அவரு என்ன ஆடினாருன்னு கேட்டா ஹைலைட்ஸ் பாத்து புரியாது. டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற ஆளு. போர்ட்டோல கூட ஆடின மிட்ஃபீல்டர் டெக்கோ முன்னால ஓடி வித்தை காட்டுவாரு, அவரு விட்டுட்டுப் போன இடத்துல பந்து வரும்போது இவரு ஏற்கெனவே அங்க நின்னுட்டிருப்பாரு. நல்லா டிரஸ் பண்ணுவாருன்னு "மினிஸ்டர்"னு பட்டப்பேரு வேற.

2004 மார்ச்ல மான்செஸ்டர் யுனைடெட் கிரவுண்டான ஓல்ட் டிராஃபர்ட்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் மேட்ச் மட்டும் ஒரு தடவை ஸ்லோவா பாருங்க. மான்செஸ்டர் யுனைடெட் 1-0 லீட், அப்படியே முடிஞ்சா போர்ட்டோ வீட்டுக்கு. 90வது நிமிஷம் ஃப்ரீ கிக், போர்ட்டோவோட மெக்கார்த்தி அடிக்கிறாரு, கீப்பர் டிம் ஹோவர்ட் தட்டி விடுறாரு, பந்து முழுசா வெளிய போகல. எல்லாரும் கீப்பரைப் பாக்குறாங்க, கோஸ்டின்யா பந்தைப் பாத்து ஓடி வந்து தள்ளி விட்டாரு. போர்ட்டோ கோச் மொரின்யோ கோட்டோட லைன் ஓரமா ஓடினாரே, அந்த ஓட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, கோல் அடிச்சது யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. அப்புறம் ஃபைனல்ல எதிர்ல நின்னது யாரு, அதே மொனாக்கோ! 3-0.

அந்த மிட்ஃபீல்டே அப்படித்தான் தம்பி. டெக்கோவும் இன்னொரு மிட்ஃபீல்டர் மனிஷும் 1997-98ல அல்வெர்காங்கிற ரெண்டாவது டிவிஷன் கிளப்ல ஒண்ணா ஆடினவங்க. டெக்கோவை பென்ஃபிகா வேணாம்னு விட்டுச்சு. அப்ப ஐரோப்பா ஜெயிச்ச நடு லைன்ல மூணு பேரும் கீழ இருந்து ஏறினவங்க, இதை யோசிச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

இப்ப நடக்குமான்னா, நடந்திருக்கு. மாத்தேயுஸ் நூனிஸ். பிரேசில்ல பொறந்து சின்ன வயசுல போர்ச்சுகல்ல எரிசெய்ராங்கிற கடலோர ஊருக்கு வந்தவரு, பேக்கரில வேலை பாத்துக்கிட்டே உள்ளூர் கிளப்ல ஆடினாரு. 2018ல எஸ்டோரில், 2019 ஜனவரில ஸ்போர்ட்டிங், 2021ல லீக் சாம்பியன், 2023ல மான்செஸ்டர் சிட்டி. ஆனா இந்தக் காலத்துல பாதி வழியில ஒரு பெரிய கிளப் நடுவுல வந்துடுது, மச்சிக்கோ மாதிரி ஊர்ல ஆடிட்டு நேரா வெளிநாட்டு டாப் கிளப்புங்கிறது ரொம்ப அபூர்வம்.

கடைசி காலம் கோஸ்டின்யாவுக்கு அவ்ளோ நல்லா இல்ல. 2006 வேர்ல்ட் கப்ல நெதர்லாந்து மேட்ச், 16 மஞ்சள் 4 சிவப்பு காட்டின அந்த சண்டை மேட்ச்ல ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி பந்தைக் கையால தொட்டு ரெண்டாவது மஞ்சள் வாங்கி முதல் ஆளா வெளிய போனாரு. அப்புறம் இத்தாலி கிளப் அட்லாண்டால சேர்ந்து ஆடவே இல்லைன்னு சொல்லலாம். ஆட்டத்தை விட்டதுக்கப்புறம் கோச் ஆனாரு, அதே நாசியோனாலுக்கு வந்து 2018ல ரெண்டாவது டிவிஷன் ஜெயிச்சு மேல ஏத்தி விட்டாரு. அடுத்த சீசன் 2019 பிப்ரவரில பென்ஃபிகா கிரவுண்ட்ல 10-0ன்னு தோத்தாங்க. டைப் பண்ணும்போது தப்பு விழலீங்க, பத்து. அந்த சீசன் முடியும்போது திரும்ப கீழ இறங்கிட்டாங்க.