முதல் மாதத்தில் மிஞ்சுவது மகிழ்ச்சியே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

"விலையுயர்ந்த மெக்கானிக்கல் கைக்கடிகாரம் வாங்கியவருக்கு முதல் மாதத்தில் மிஞ்சுவது மகிழ்ச்சியா, மனக்கவலையா?" இதுதான் தலைப்பு. மகிழ்ச்சி என்ற அணிக்காக நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கவலைப் பட்டியல் வாசித்தார். சனிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை நின்றுபோய்க் கிடக்கிறது, தேதியை மாற்றப் பயமாக இருக்கிறது, முதல் கீறல் விழுந்த அன்று தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொன்னார். அதற்கெல்லாம் அமைதியாக இருந்த இந்த அரங்கம், கடைசியாக அவர் சொன்ன ஒன்றுக்குத்தான் கூரை அதிரக் கைதட்டியது. "எட்டு லட்சம் கொடுத்து வாங்கிய வாட்ச் ஒரு நாளைக்கு ஐந்து விநாடி கூடுதலாக ஓடுகிறது. அதைச் சரிசெய்ய செல்போனைப் பார்த்து நேரம் வைக்கிறார்கள். மாணவனிடம் கேட்டுத்தான் பாடம் நடத்த வேண்டுமென்றால், அந்த ஆசிரியருக்கு எதற்கு எட்டு லட்சம் சம்பளம்?" என்றார்.

சகோதரி, அந்தக் கைதட்டல் உங்களுக்குத் தகும். அதனால் அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பட்டியலை முடித்துவிடுவோம்.

வாட்ச் நின்றுபோகிறதா? ஆட்டோமேடிக் வாட்ச் கை அசைவில் சாவி ஏறும். முழுச் சாவி ஏறியிருந்தால், வாட்சைப் பொறுத்து 40 மணி நேரம் முதல் 70 மணி நேரம் வரை கழற்றி வைத்தாலும் ஓடும். நின்றுபோனதை எடுத்துப் படபடவென்று ஆட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகைத் தளர்த்தி, கையால் 20, 30 சுற்றுச் சாவி கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஆட்டோமேடிக்கில் சாவி அதிகமாகிவிடுமோ என்ற பயமே வேண்டாம். ஸ்பிரிங் நிறைந்ததும் அதன் வெளிமுனை உறையின் சுவரில் வழுக்கிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். கையால் மட்டும் சாவி கொடுக்கும் வாட்ச் என்றால், திருகு இறுகி நிற்கும் இடத்தில் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு பல்கூட வேண்டாம்.

தேதி மாற்றப் பயமா? அதற்கு ஒரே ஒரு விதிதான். முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில் இருக்கும்போது திருகால் தேதியைத் தள்ளாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே ஒரு பல்சக்கரம் தேதி வளையத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து தள்ளினால் பல் முறியலாம். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்து, முந்தின நாள் தேதியை வையுங்கள். பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அங்கிருந்து பகலா இரவா என்று எண்ணிக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுங்கள். முடித்ததும் திருகை உள்ளே அழுத்தி இறுக்க மறக்கக் கூடாது. திருகு கடிக்கவில்லையா? முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரை உட்காரும் இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து இறுக்குங்கள். தண்ணீர் புகுந்து பாழான வாட்சுகளைத் திறந்து பார்த்தால், சரியாக மூடாத திருகும் காய்ந்துபோன ரப்பர் வளையமும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். வெந்நீர்க் குளியலும் நீராவியும் அந்த ரப்பருக்கு ஆகாது.

கீறல்? செயினின் கொக்கியில்தான் முதலில் விழும், மேசையில் உரசுகிற இடம் அதுதான். விழட்டும். அதற்காகப் பாலிஷ் போட ஓடாதீர்கள். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் தேய்கிறது, கூரான விளிம்புகள் மழுங்கிப்போகின்றன. அந்த விளிம்பு திரும்ப வராது.

ஆக, கவலை என்று சகோதரி சொன்னதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஒரு பொருளைக் கற்றுக்கொள்வது கவலையா? மிதிவண்டி பழகியது கவலையா? வீணையில் முதல் வரிசை வாசித்தது கவலையா?

இப்போது அந்த ஐந்து விநாடிக்கு வருகிறேன்.

சகோதரி, செல்போனை மாணவன் என்றீர்கள். அந்த மாணவனுக்குப் பாடம் எங்கிருந்து வருகிறது? சிக்னலில் வருகிறது. நம் நாட்டின் நேரத்தைப் புதுதில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களை வைத்துக் காக்கிறது. செல்போனும் யாரையோ பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. சிக்னலைத் துண்டித்துவிட்டால் உள்ளே நேரம் எண்ணுவது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். அதுவும் நாளாக ஆகப் பிசகும். கேட்டு நேரம் வைப்பது குறை என்றால், அந்தக் குறை இல்லாத கடிகாரம் இந்த மண்டபத்தில் ஒன்றுகூட இல்லை!

இன்னும் ஒரு படி போவோம். சுவிட்சர்லாந்தின் செனித் நிறுவனம் செய்த எல் பிரிமெரோ என்ற வாட்ச் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 10 துடிப்பு. ஒரு நாளைக்கு எத்தனை? 8,64,000 துடிப்பு. பேட்டரி கிடையாது, சிக்னல் கிடையாது. சுருட்டி வைத்த ஓர் எஃகு நாடா, மயிர் போன்ற ஒரு ஸ்பிரிங், ஒரு சக்கரம். நாளைக்கு ஐந்து விநாடி கூடுகிறது என்றால் என்ன பொருள்? 8,64,000 துடிப்பில் 50 கூடியிருக்கிறது. லட்சத்துக்கு ஆறுகூட இல்லை. நீங்கள் குளிரில் நின்றாலும் வெயிலில் நின்றாலும், கையை வீசினாலும் தலைக்கு வைத்துப் படுத்தாலும், லட்சத்துக்கு ஆறுகூடத் தவறாத ஒன்றை, தவறுகிறது என்று சொன்னால் நான் யாரிடம் போய் முறையிடுவேன்?

சுவிட்சர்லாந்தில் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று கேட்டால் இயந்திரத்தை 15 நாள் வைத்துச் சோதிக்கிறார்கள். ஐந்து நிலைகளில் கிடத்திப் பார்க்கிறார்கள், 8, 23, 38 டிகிரி என்று மூன்று வெப்பத்தில் பார்க்கிறார்கள். சராசரியாக நாளைக்கு 4 விநாடி குறையலாம், 6 விநாடி கூடலாம். நீங்கள் கேலி செய்த ஐந்து விநாடி அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது, சகோதரி.

அந்த ஐந்து விநாடியில்தான் முதல் மாதத்தின் மகிழ்ச்சியே இருக்கிறது என்கிறேன் நான். தினமும் இரவு ஒரே நேரத்தில் வித்தியாசத்தை ஒரு தாளில் குறியுங்கள். பத்து நாள் குறியுங்கள். பிறகு படுக்கும்போது ஒரு நாள் டயல் மேலே பார்க்க வையுங்கள், ஒரு நாள் திருகு கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள், ஒரு நாள் திருகு மேலே. புவியீர்ப்பு அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு கிடையிலும் ஒவ்வொரு விதமாக இழுக்கும். ஒரு கிடையில் கூடும், ஒன்றில் குறையும். பகலில் கூடியதை இரவில் குறைக்கும் கிடை எது என்று கண்டுபிடித்துவிட்டால், எந்தக் கருவியும் இல்லாமல், வாட்சைத் திறக்காமல், உங்கள் மேசையிலேயே அதைச் சரிசெய்துவிட்டீர்கள்! திடீரென்று ஒரே நாளில் நிமிடக் கணக்கில் முந்தினால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள், காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தக் கொக்கி, டேப்லெட் உறை எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. மயிர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் துடிப்பு வேகமாகும். ஒரு திசைகாட்டியை அருகில் வைத்தால் முள் ஆடிக் காட்டிக்கொடுக்கும். ரிப்பேர்காரர் காந்தநீக்கியில் சில விநாடிகள் வைத்து எடுத்தால் தீர்ந்தது.

எல் பிரிமெரோ என்றேன். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

1969 ஜனவரி 10 அன்று அந்த இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் 25, டோக்கியோவில் சீகோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள்! சில வருஷத்தில் குவார்ட்ஸ் ஊரையே அடித்துப்போட்டது. செனித் அப்போது ஓர் அமெரிக்க வானொலி நிறுவனத்தின் கையில் இருந்தது. 1975இல் சிகாகோவிலிருந்து உத்தரவு வந்தது. மெக்கானிக்கல் வேண்டாம், இனி குவார்ட்ஸ்தான், கருவிகளைப் பழைய இரும்புக்குப் போடு.

சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் செனித்தின் தொழிற்சாலையில் சார்லஸ் வெர்மோ என்று ஒரு பொறுப்பாளர். அவர் கருவிகளைப் போடவில்லை. மாடிக்குத் தூக்கினார்.

வேகமாகச் சொல்லிவிட்டேன், பொறுங்கள். அவர் தூக்கியது என்னென்ன? இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பையும் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிற அச்சுகள். எஃகுக் கட்டிகள் அவை. மாடிக்குத் தூக்கினார். வெட்டுக்கருவிகள். மாடிக்குத் தூக்கினார். தொழிற்சாலை இயந்திரங்களை வழிநடத்தும் கேம்கள். மாடிக்குத் தூக்கினார். தொழில்நுட்பக் குறிப்புகள், வரைபடங்கள். அவற்றையும் மாடிக்குத் தூக்கினார்! பரணில் ஒளித்து வைத்தார். குப்பையாகக் குவிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார், எது எதற்கு என்று எழுதிவைத்தார். யாருக்காக எழுதினார்? அடுத்து யார் வருவார் என்று அவருக்கு அப்போது தெரியாது. வருவார் என்று மட்டும் நம்பினார்.

மேலிடம் சொன்னது விற்றுவிடு. அவர் தூக்கிவைத்தார். சந்தை சொன்னது செத்துவிட்டது. அவர் சீட்டு ஒட்டினார்.

ஒன்பது வருஷம் போனது. நிறுவனம் கைமாறியது. 1984இல், எல் பிரிமெரோவை மறுபடி செய்யலாமா என்று கேட்டார்கள். கருவிகளை முதலிலிருந்து செய்தால் கட்டுப்படியாகாது. வெர்மோ பரணைக் காட்டினார். எல்லாம் இருந்தது. சீட்டோடு இருந்தது! 1988இல் ரோலக்ஸ் தன் டேடோனா வாட்சுக்கு அந்த இயந்திரத்தைத்தான் வாங்கி, துடிப்பைக் குறைத்து, பல பாகங்களை மாற்றிப் போட்டது. 2000 வரைக்கும் அப்படித்தான் ஓடியது. இன்றைக்கும் அந்தத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பரணைக் காட்டுகிறார்கள்.

நடுவர் அவர்களே, ஐந்து விநாடிக்குக் கணக்குக் கேட்கிறார்கள். ஒன்பது வருஷம் பரணில் காத்திருந்ததற்கு எந்தக் கணக்கில் பதில் சொல்வது?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம்.

இந்த அரங்கத்தில் எட்டு லட்ச ரூபாய் வாட்ச் எத்தனை கையில் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. எச்.எம்.டி. எத்தனை வீட்டில் இருந்தது? 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கிய கம்பெனி. மாப்பிள்ளைக்குச் சீராகப் போட்ட வாட்ச். சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய வாட்ச். அந்த வீட்டுக்கு அதுதான் ஆடம்பரம், அதுதான் எட்டு லட்சம். தினமும் காலையில் காபியைக் குடித்துவிட்டு அப்பா அதற்குச் சாவி கொடுப்பார். 2016இல் அந்தக் கம்பெனியின் வாட்ச் பிரிவை மூடிவிட்டார்கள். அப்பாக்களும் பலர் போய்விட்டார்கள். வாட்ச் மட்டும் பீரோவில், பழைய ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது.

நாளைக்குக் காலையில் அதை எடுங்கள். உடனே சாவி கொடுத்துவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், அப்படியே ஓடினால் அச்சு தேயும். ஊரில் வயதான வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் இன்னும் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரித்து, கழுவி, எண்ணெய் விடச் சொல்லுங்கள். டயலை மட்டும் புதிதாக மாற்றாதீர்கள், அப்பா பார்த்த டயல் அது. வீட்டுக்கு வந்து மெல்லச் சாவி கொடுங்கள். காதோடு வைத்துக் கேளுங்கள்.

நொடிக்கு ஐந்து துடிப்பு. அவர் கையில் இருந்தபோது எவ்வளவோ அவ்வளவேதான்.

அதைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.