முந்நூறாம் இடத்துக்காரியின் வரவு செலவு

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் விளையாட்டைப் பற்றிப் பேச்சு என்றால் உதைபந்தாட்டம் என்று நம்பித்தான் ஆட்கள் வருவார்கள், முன்வரிசையில் இருக்கிற அண்ணாமார் முகத்திலேயே அது தெரிகிறது, பரவாயில்லை, வந்ததற்கு இருங்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், டெனிஸ் மட்டையை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் உலகத் தரவரிசையில் 300ஆம் இடத்தில் இருக்கிற ஒரு பிள்ளை எப்படிச் சீவிக்கிறாள் என்று பார்க்கத் தொடங்கி, அந்தக் கணக்கை விட முடியாமல் போய்விட்டது.

உலகத்திலேயே 300ஆவது! வேறு எந்தத் தொழிலிலும் அந்த இடத்தில் இருக்கிறவருக்குக் காணி, வீடு, கார் எல்லாம் இருக்கும். இவளுக்குப் பல வருடம் கைநட்டம்.

மகளிர் தொழில்முறை டெனிஸின் அடிப்படி, டபிள்யூ 15 என்கிற போட்டிகள். 15 என்றால் 15,000 டாலர், கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிற மொத்தக் காசு. ஐந்து ஆட்டம் வென்று கோப்பை தூக்கினவளுக்கு 2,000 டாலரும் சொச்சமும், முதல் சுற்றோடு போகிறவளுக்கு வருவது ஹோட்டல் வாடகைக்கே காணாது. துனீசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரு கடற்கரை ஊர், அங்கே இப்படிப் போட்டிகள் கிழமைக்குக் கிழமை நடக்கும். நாளைக்கு எதிரே நின்று ஆடப் போகிறவளோடேயே வாடகையைப் பங்குபோட்டு ஒரே அறையில் படுப்பார்கள். கோச் கூட வருவதில்லை, கட்டாது.

தரவரிசையைத் தீர்மானிக்கிற புள்ளிக் கணக்குத்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அந்த ஐந்து வெற்றிக்கும் சேர்த்து 15 புள்ளி. கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றில் முதல் சுற்றிலேயே தோற்றால் 10 புள்ளி, அதோடு 2025 அமெரிக்க ஓப்பனில் அப்படித் தோற்றவருக்கு 110,000 டாலர். 128 பேர் ஆடுகிற அட்டவணையில் தரவரிசைப்படி நேரே போகிறவர்கள் 104 பேர், விசேட அழைப்புக் கிடைக்காத மற்றவர்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும். 104க்கும் 105க்கும் ஆட்டத்தில் என்ன பெரிய வித்தியாசம்? காசில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கீழே ஆடுகிறவர்கள் இல்லாவிட்டால் மேலே இருக்கிறவர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள், ஆகவே அந்தக் காசு கீழே இறங்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கஷ்டப்பட்டுச் சேர்த்த புள்ளியாவது நிற்குமா? நிலாவெளி ஹோட்டல்காரர் போன சீசன் உழைத்ததை வங்கியில் போட்டு வைக்கலாம். இவளுடைய புள்ளி 52 கிழமையில் கழன்றுவிடும், கணுக்கால் பிரண்டு மூன்று மாதம் படுத்தால் இடம் சறுக்கிக்கொண்டே போகும்.

இதற்கு மேல் கையில் போன். மகளிர் டெனிஸ் சங்கமும் சர்வதேச டெனிஸ் சம்மேளனமும் 2024இல் பார்த்ததில் 458 வீரர்களுக்கு ஏறக்குறைய 8,000 வசைச் செய்திகள் வந்திருக்கின்றன, அதில் 40 வீதம் பந்தயம் கட்டிக் காசு விட்டவர்கள் அனுப்பியது. யாரோ ஒருவன் கட்டின காசுக்கு, ஹோட்டல் வாடகை கட்ட வழியில்லாத பிள்ளை ஏச்சு வாங்குகிறாள்.

எங்கள் பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது. போட்டி தொடங்க 18 நாளுக்கு முன்தான் பெயர் கொடுப்பது முடியும், ஐரோப்பிய விசாவுக்கோ சாதாரணமாகவே 15 நாள் எடுக்கும். பிரான்ஸ்காரப் பிள்ளை ரயில் ஏறிப் போகிற போட்டிக்கு எங்கள் பிள்ளை முதலில் கொழும்புக்குப் பஸ் ஏறி விரல் அடையாளம் வைக்க வேண்டும்.

பயிற்றுநர்கள் பிரித்தானிய வீராங்கனை எம்மா ரடுகானுவின் கதையைச் சொல்வார்கள். 2021இல் 150ஆம் இடத்திலிருந்து தகுதிச் சுற்று ஆடி வந்து அமெரிக்க ஓப்பனையே வென்றார், உண்மைதான். ஆனால் தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் எடுத்தவர் வேறொருவரும் இல்லை, அந்த ஒரு கதையை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள். நான் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனைச் சொல்வேன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஓர் ஆட்டம் வென்றார், நவீன டெனிஸ் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண். அவருடைய மிக உயர்ந்த இடம் 134. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலே ஓர் அம்மா துண்டில் எழுதித் தந்தார், அப்ப என்ன, பிள்ளையை டெனிஸுக்கு அனுப்ப வேண்டாமா என்று. அனுப்புங்கள், ஆனால் பதினெட்டு வயதில் நேரே மொனாஸ்டிருக்கு அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டெனிஸுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன, கோச்சும் மைதானமும் அவர்கள் செலவு. அமெரிக்க வீராங்கனை டானியெல் கொலின்ஸ் 2014, 2016 இரண்டு தடவையும் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை எடுத்து, படித்து முடித்த பிறகே முழுநேரமாக இறங்கினார், 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டம் ஆடினார். அதற்கு ஓ.எல்., ஏ.எல். பெறுபேறும் ஆங்கிலமும் கேட்பார்கள், ஆகவே டியூஷனை நிற்பாட்ட வேண்டாம். அந்தக் கடைசி வரிசைத் தங்கச்சி நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறா, மைக்கை அங்கே கொடுங்கோ.